கடைத் தாள்களைப் படித்துப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் உதவியாளர்

நம் கடைகளில் தாள் பெருகிவிட்டது. கம்பெனிகளின் விலைப்பட்டியல், சலுகைக் கடிதம், லாரி ரசீது, உணவுப் பாதுகாப்பு உரிமம், எடைக்கல் முத்திரைச் சான்று, பாக்கிப் பட்டியல் என்று எதைத் தேடினாலும் அரை மணி நேரம் போகிறது. இதற்கு வழியாக ஏ.ஐ. உதவியாளரை அமர்த்தலாமா என்று சங்கக் கூட்டத்தில் சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நாங்கள் அமர்த்தி, ஒருமுறை நன்றாகச் சூடுபட்டும் இருக்கிறோம். எனவே எழுதுகிறேன். பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவன் நான். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் மகன் செய்தது. கேள்வி கேட்டது மட்டும் என் பங்கு.

எங்களுக்கு நயினார்கோவிலில் முண்டு வத்தல் கிட்டங்கியும், பரமக்குடியிலும் இராமநாதபுரத்திலும் மளிகை மொத்தக் கடையும் இருக்கின்றன. மூன்று இடத்துத் தாள்களையும் ஷேர்பாயின்ட்டில் வைத்திருக்கிறோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஓர் அலுவலகத்தின் தாள்களை ஒரே இடத்தில் வைத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுத்துக் கொள்ளலாம். அந்த இடத்திலேயே ஓர் உதவியாளரை நாமே உண்டாக்கிக்கொள்ளும் வசதி 2024 நவம்பரில் வந்தது. அதற்கு ‘ஏஜென்ட்’ என்று பெயர். இதற்கான கோபைலட் உரிமத்துக்கோ, பயன்படுத்தும் அளவுக்கோ தனியே பணம் கட்ட வேண்டும். கட்டணத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உதவியாளர் வேலை செய்யும் விதத்தை என் மகன் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். அது நம் தாள்களை மனப்பாடம் செய்து வைப்பதில்லை. நாம் கேள்வி கேட்டதும், காட்டிய போல்டர்களுக்குள் தேடுகிறது. பொருத்தமாகத் தோன்றும் பகுதிகளை எடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு பதிலை எழுதுகிறது. எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்பதையும் பதிலோடு காட்டும். புதிதாக வந்த கணக்குப்பிள்ளை அலமாரியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட தாளைப் படித்துச் சொல்வது போலத்தான். அகப்பட்டது பழைய தாளாக இருந்தால் பழைய பதில்தான் வரும்.

வந்தது. 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது எல்லோருக்கும் தெரியும். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. எங்கள் போல்டரில் புதிய அட்டவணையும் இருந்தது, பழையதும் இருந்தது. சோப்புக்கு வரி எவ்வளவு என்று நான் கேட்டபோது உதவியாளர் தயங்காமல் 18 என்றது. அது காட்டிய தாளைத் திறந்து பார்த்தால் பழைய அட்டவணை. அதன் மேல் தேதியே போட்டிருக்கவில்லை. பாவம், அது எப்படி அறியும்? கேட்டது நான் என்பதால் பிழைத்தோம். பில் போடும் பையன் கேட்டிருந்தால் அப்படியே பில்லில் ஏறியிருக்கும்.

அதற்காகப் பழைய தாள்களை அழித்துவிடக் கூடாது. ஆண்டுக் கணக்கறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ‘பழையவை’ என்று தனி இடம் உண்டாக்கி அங்கே மாற்றுங்கள். உதவியாளருக்கு அந்த இடத்தைக் காட்டாதீர்கள். நடப்பில் உள்ள ஒவ்வொரு தாளின் பெயரிலும் தேதி இருக்கட்டும். இந்த ஒரு வேலைக்கே எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. உதவியாளரை உண்டாக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை!

இனி சூடுபட்ட கதை.

உதவியாளர் அவரவருக்குப் பார்க்க அனுமதி உள்ள தாள்களிலிருந்துதான் பதில் சொல்லும். ஷேர்பாயின்ட்டில் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் அந்த அனுமதியை நாம் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் பாக்கிப் பட்டியல் எல்லோரும் பார்க்கக்கூடிய போல்டரில் கிடந்தது. அவசரத்துக்கு யாரோ போட்டது. அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். ஒரு வருடம் கிடந்தும் யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் நானூறு தாள்களுக்கு நடுவே அதைத் தேட யாருக்கும் பொறுமை இல்லை. அந்தக் குப்பையே இத்தனை நாள் எங்களுக்குப் பூட்டாக இருந்திருக்கிறது.

கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு மதியம் விளையாட்டாக, ‘யார் அதிக பாக்கி?’ என்று கேட்டிருக்கிறான். பெயர், தொகை, எத்தனை மாதம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டது. முதல் பெயர், இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரருடையது. மகள் கல்யாணத்தில் கை முடங்கியிருந்தார். எனக்கும் அவருக்கும் தெரிந்த விஷயம் அது, வேறு யாருக்கும் தெரியாது. பையன் டீக்கடையில் சொன்னான். மூன்றாம் நாள் அவர் காதுக்குப் போய்விட்டது. வந்தார், உட்காரவில்லை. பாக்கி முழுவதையும் எண்ணி வைத்துவிட்டு, ‘அண்ணாச்சி, கணக்குச் சரியா பாத்துக்கிடுங்க’ என்றார். வட்டிக்கு வாங்கி வந்த பணம் என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு அவர் எங்கள் கடைப்படி ஏறவில்லை.

பையனை நான் கோபிக்கவில்லை. கதவைத் திறந்து போட்டவன் நான். வாடிக்கைக்காரரின் பெயர், தொலைபேசி எண், பாக்கி விவரம் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அவற்றைக் காக்கும் பொறுப்பு சட்டப்படியும் நமக்கு வருகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஆடிட்டர்களிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

உண்டாக்கும் முறை எளிது. ஷேர்பாயின்ட்டில் நம் தளத்துக்குள் போய், ஏஜென்ட் உண்டாக்கும் பொத்தானை அழுத்தினால் முதலில் பெயர் கேட்கும். பிறகு எந்தத் தளம், எந்தப் போல்டர், எந்தத் தாள் என்று கேட்கும். முழுத் தளத்தையும் காட்டிவிடாமல், தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று போல்டர்களை மட்டும் காட்டுங்கள். அடுத்து, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கட்டளை எழுதும் இடம் வரும். நாங்கள் எழுதியது இது: காட்டிய தாள்களில் இல்லாததைச் சொல்லாதே, விலையோ வரியோ சொன்னால் தாளின் தேதியையும் சேர்த்துச் சொல், இரண்டு தாள்கள் முரண்பட்டால் இரண்டையும் காட்டு, தெரியாவிட்டால் முதலாளியைக் கேட்கச் சொல். கட்டளை கொடுத்தாலும் சில நேரம் மீறும். ஆகவே, விலையும் வரியும் தாளைத் திறந்து பார்த்த பிறகே பில்லில் ஏற வேண்டும் என்று கடையில் சட்டம் போட்டிருக்கிறோம்.

பையன்களிடம் கொடுக்கும் முன், நமக்கு விடை தெரிந்த இருபது கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரே கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேளுங்கள். பிறகு கடைப்பையனின் கணக்கில் நுழைந்து, அவனுக்குத் தெரியக்கூடாததைக் கேளுங்கள். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் நாங்கள் செய்யத் தவறினோம். கையால் எழுதிய சிட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டால் சரியாகப் படிக்கும் என்று நம்ப வேண்டாம்.

தவறான பதிலுக்குக் கம்ப்யூட்டரைக் கைகாட்டித் தப்ப முடியுமா? கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் தானியங்கி உதவியாளர், துக்கப் பயணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறாகச் சொல்லிவிட்டது. அது சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சுமார் 800 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. நம் ஊர்த் தீர்ப்பு இல்லைதான். ஆனால் கடைப்பையன் சொன்ன விலைக்கு முதலாளி கட்டுப்படுவது நமக்குப் புதிதா என்ன?

மைக்ரோசாஃப்ட் சந்தா இல்லாத சிறிய கடைக்காரர்கள் கூகுளின் நோட்புக்எல்எம்-இல் பழகிப் பார்க்கலாம். அதிலும் நாம் ஏற்றிய தாள்களிலிருந்தே பதில் வரும், எடுத்த இடத்தையும் காட்டும். விலைப்பட்டியலை ஏற்றுங்கள், பாக்கிப் பட்டியல் வேண்டாம்.

எங்கள் பாக்கிப் பட்டியல் இப்போது என் மேசை இழுப்பறையில், பழைய கைச்சிட்டையாகவே இருக்கிறது. மகனுக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் கடைக்காரரைப் பார்க்க இரண்டு முறை அவர் கடைக்குப் போய் வந்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தார். சரக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை.