விமானம் ஏறுமுன்: நகையா, ஒத்தியா, வட்டியா?

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ வளைகுடா வேலை பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதுதான். போவதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அதற்கும் முன்னால் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் வழிச்செலவைக் கடனாக எழுதினார்கள். அது 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, தோட்டம் மாறினாலும் ஆளோடு சேர்ந்தே போனது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். இன்று சீட்டு கிடையாது. ஆனால் முதல் வருடச் சம்பளம் வட்டிக்கே சரியாகிவிடும் வீடுகள் இன்றும் உண்டு.

கடன் எதில் வாங்குவது என்று யோசிக்குமுன் எவ்வளவு தேவை என்று பாருங்கள். உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35,400. ரசீதும் தர வேண்டும். 'விசா காசு' என்று லட்சக்கணக்கில் கேட்டால், அந்தப் பணத்தை எப்படிப் புரட்டுவது என்று கவலைப்பட வேண்டாம், ஆளை மாற்றுங்கள். உரிம எண்ணை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வாங்கும் சப்-ஏஜென்டுக்கு அந்த எண் இருக்காது.

இனி பணம். தெருவில் 'மூணு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000. அதே லட்சத்தை வங்கியில் நகை வைத்து 10 சதவீதத்துக்கு வாங்கினால் மாதக் கணக்கில் சுமார் 830 ரூபாய்தான். வயலை ஒத்திக்கு விட்டால் கையிலிருந்து வட்டி போகாது, ஆனால் கார், பிசானம் இரண்டு போக விளைச்சலும் பணம் கொடுத்தவருக்குப் போகும். வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் அதில் அடக்கம். அதைக் கணக்கில் சேர்க்காமல் 'வட்டியில்லாக் கடன்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

என் வரிசை இது: முதலில் நகை, போதாவிட்டால் பத்திரம் பதிந்து ஒத்தி, வேறு வழியே இல்லையென்றால் விற்பனை. கந்துவட்டி இந்த வரிசையிலேயே வராது. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டி நெருக்கடியில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தோடு தீக்குளித்ததை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது.

நகையை ஊரில் இருக்கப்போகிறவர் பெயரில் அடகு வையுங்கள். போகிறவர் பெயரில் வைத்தால் திருப்புவதற்கும் அவரே வந்து நிற்க வேண்டியிருக்கும். தவணை தவறினால் ஏல நோட்டீஸ் பூட்டிய வீட்டுக்கு வரும்.

வங்கிக் கணக்கில் குழப்பம் அதிகம், விஷயம் எளிது. இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஊர் வாடகை, குத்தகைப் பணம் அதில் வரட்டும். அதன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்ஆர்இ: வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்பக் கொண்டுபோகலாம். மாதச் செலவை மட்டும் மனைவி கணக்குக்கு அனுப்பி, மிச்சத்தை என்ஆர்இ-யில் வைப்பதே நல்லது. மொத்தத்தையும் மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானமாகவே கணக்கிடப்படும். ஓடிபி வரும் சிம்மை மட்டும் சாகவிடாதீர்கள்.

நிலம்தான் பலர் கோட்டைவிடும் இடம். வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதும் செல்லும். சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயல் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் கிளம்புமுன் பத்திரம் முடிக்க வேண்டும். அதற்காகக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். மனைவி ஊரிலேயே இருக்கப்போகிறார் என்றால் பிறகு அவர் பெயரில் வாங்கலாம். அப்பா பெயரில் வாங்கினால் நாளைக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

கிளம்பும் அவசரத்தில் மைத்துனருக்கோ கூட்டாளிக்கோ ஜெனரல் பவர் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகை வாங்க, ஒத்தியை மீட்க என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதும் ஸ்பெஷல் பவர் போதும். விற்கும் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.