குழந்தையின் கழிப்பறைப் பழக்கமும் இரவு உறக்கமும்

பிள்ளை வளர்ப்பில் பெற்றோரின் பொறுமையை மிகவும் சோதிக்கும் காலம், குழந்தை அரைத்துணியை விட்டுக் கழிப்பறைப் பழக்கத்திற்கு வரும் காலமாகும். பகலெல்லாம் ஒழுங்காகச் சொல்லிப் பழகிய குழந்தை, இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறது, ஈரம் பட்டதும் விழித்து அழுகிறது, வீடே விழித்துக்கொள்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாய்க்கு இழந்த உறக்கம் மீண்டும் வருவதில்லை.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையே அமைந்துள்ள கோலா தெர்லா போன்ற இடங்களில் இத்தொல்லை இன்னும் மிகுதி. இரவில் குளிர் 15 பாகை செல்சியஸ் அளவிற்கு இறங்கும். மழைக்காலத்தில் துவைத்த துணி இரண்டு நாளாயினும் காய்வதில்லை. ஆகவே, "பகலில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இரவில் மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று தாய்மார் சினங்கொள்வதுண்டு. இக்கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால் சினமும் தணியும். குழந்தையின் உறக்கமும் காக்கப்படும்.

பகற் பழக்கம் வேறு, இரவுக் கட்டுப்பாடு வேறு

பகலில் சிறுநீரை அடக்கிச் சொல்வது குழந்தை கற்றுக்கொள்ளும் பழக்கம். இரவில் நனையாமல் உறங்குவதோ உடல் முதிர்ச்சியால் வருவது. நாம் உறங்கும்பொழுது மூளையிலிருந்து வாசோபிரெசின் என்னும் சுரப்புநீர் கூடுதலாகச் சுரந்து, சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கிறது. சிறு குழந்தைகள் பலருக்கு இச்சுரப்பு இன்னும் சீர்ப்படுவதில்லை. மேலும், இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 90 மில்லிலிட்டரே கொள்ளும். அது ஒரு சிறிய தேநீர்க் கோப்பைக்கும் குறைவு. பை நிறைந்துவிட்டது என்னும் உணர்வு, ஆழ்ந்து உறங்கும் குழந்தையை எழுப்பும் அளவிற்கு வளர்ந்திருப்பதுமில்லை. குளிரில் வியர்வை குறைவதால், உடலில் மிகுந்த நீர் சிறுநீராகவே வெளியேறுகிறது என்பதையும் மலைவாழ் மக்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 1,170 குழந்தைகளைப் பற்றிய தம் ஆய்வை 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்குழந்தைகள் பகற் பழக்கத்தைச் சராசரியாக 28 மாத அளவில் அடைந்தனர். இரவுக் கட்டுப்பாடு அதற்குச் சில மாதங்கள் கழித்தே வந்தது. ஐந்து வயதிலும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழப் பதினைந்து பேர் இரவில் நனைப்பவரே. அவர்களுள் பெரும்பாலோர் வயது ஏற ஏறத் தாமாகவே தேறிவிடுகின்றனர். எனவே, இரண்டு மூன்று வயதுக் குழந்தை பாயை நனைப்பது குற்றமுமன்று, நோயுமன்று.

உறக்கம் கெடுவது எதனால்?

ஒன்று, அச்சம். நனைத்தால் அடி விழும் என்று அறிந்த குழந்தை கலக்கத்துடனேயே படுக்கைக்குச் செல்கிறது, அடிக்கடி விழிக்கிறது. அடியும் ஏளனமும் இரவுக் கட்டுப்பாட்டை ஒரு நாள்கூட விரைவுபடுத்துவதில்லை.

இரண்டு, மலச்சிக்கல். பழக்கத்திற்காக வற்புறுத்தப்படும் குழந்தை மலத்தை அடக்கிக்கொள்ளத் தொடங்கும். கழிப்பறை வீட்டிற்கு வெளியே இருட்டில் இருந்தாலும் அவ்வாறே செய்யும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை நெருக்குவதால் வயிற்று வலியும் இரவு நனைத்தலும் பெருகும்.

மூன்று, தூக்கத்தில் எழுப்புதல். பாதி உறக்கத்திலிருக்கும் குழந்தையைத் தூக்கிச்சென்று சிறுநீர் கழிக்கச் செய்தால், அன்றைய பாய் வேண்டுமானால் நனையாதிருக்கும். குழந்தை தானே விழிக்கக் கற்றுக்கொள்வதில்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரை நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் பகலுறக்கம் உட்பட உறங்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. அவ்வுறக்கத்தை வெட்டி வெட்டிக் கெடுப்பது நன்றன்று.

பாட்டிமார் கண்ட வழி

குழந்தையைத் தம் கால்களின்மேல் அமர்த்தி, "ஸ்ஸ்..." என்று ஒலியெழுப்பிப் பழக்குவது நம் பாட்டிமாரின் வழக்கம். அதனை நாம் இகழ வேண்டுவதில்லை. கென்யாவின் டிகோ மக்களும் பிறந்த சில வாரங்களிலேயே இவ்வாறு தொடங்குவதாக 1977ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டுரையொன்று விவரித்துள்ளது. ஆயினும், இம்முறை குழந்தையின் குறிப்பறிந்து எந்நேரமும் அருகிலிருக்கும் பெரியவரைச் சார்ந்தது. தாய் கொழுந்து பறிக்கச் சென்றிருக்க, பலர் மாறிமாறிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், அதே பயனை எதிர்பார்த்துக் குழந்தையைக் கடிந்துகொள்வது முறையாகாது.

செய்ய வேண்டியவை

குழந்தை இரண்டு மணி நேரம் நனையாமலிருக்கிறதா, காற்சட்டையைத் தானே இறக்குகிறதா, வேண்டியதைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கிறதா என்று பாருங்கள். இவை தென்பட்டபின் பகற் பழக்கத்தைத் தொடங்குங்கள். காய்ச்சல், வீடு மாறுதல், தம்பி தங்கை பிறத்தல் ஆகிய காலங்களில் தள்ளிப்போடுங்கள். பிள்ளைக் காப்பகத்து ஆயாவும் வீட்டிலுள்ள பாட்டியும் ஒரே சொல்லை, ஒரே முறையைக் கையாளட்டும்.

உணவு முடிந்த சிறிது நேரத்தில் குழந்தையைச் சட்டியில் அமர்த்துங்கள். ஐந்து நிமிடம் போதும். கால்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். சட்டியிலுள்ள மலத்தைக் கால்வாயில் வீசாது கழிப்பறையிலேயே கொட்டிச் சவர்க்காரத்தால் கைகழுவுங்கள். சிறு குழந்தையின் மலத்தாலும் புழுநோயும் வயிற்றுப்போக்கும் பரவும்.

இரவில், பகற் பழக்கம் வந்துவிட்டதென்று டயப்பரை உடனே நிறுத்த வேண்டியதில்லை. காலையில் அது தொடர்ந்து பல நாள் உலர்ந்திருந்தால், அப்பொழுது நிறுத்தலாம். படுக்குமுன் ஒருமுறை சட்டியில் அமர்த்துங்கள். விளக்கணைத்தபின் மீண்டும் மீண்டும் "மூத்திரம் வருகிறது" என்று அழைப்பது உறக்கத்தைத் தள்ளிப்போடும் தந்திரமாகவும் இருக்கும். ஒருமுறை அழைத்துச் சென்று, பேச்சு வளர்க்காமல் படுக்க வையுங்கள். பாயின்மேல் நீர்புகா விரிப்பும், அருகே மாற்றுத் துணியும் இருந்தால், நனைந்தாலும் இரண்டு நிமிடத்தில் அனைவரும் மீண்டும் உறங்கலாம்.

தேயிலை விளையும் மண்ணில் குழந்தைக்கும் மாலைத் தேநீர் கொடுக்கும் வழக்கம் உண்டு. இதை நிறுத்துதல் நலம். தேநீரிலுள்ள காஃபீன் உறக்கத்தைக் கெடுக்கும். அதன் துவர்ப்புச் சத்து உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். பகலில் தண்ணீரும், பப்பாளி, கீரை போன்றவையும் தாராளமாகக் கொடுத்தால் மலமும் இளகும். நனைத்தலுக்கு அஞ்சித் தண்ணீரையே மறுத்துவிடக் கூடாது.

மருத்துவரை நாட வேண்டியது எப்பொழுது?

ஆறு மாதத்திற்கு மேல் நனைக்காதிருந்த குழந்தை மீண்டும் நனைத்தல், சிறுநீர் கழிக்கையில் வலி, காய்ச்சல், அளவுமீறிய தாகம், சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம், தீராத மலச்சிக்கல், உறக்கத்தில் பலத்த குறட்டை ஆகியவை காணப்பட்டால், அண்மையிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். ஐந்து வயதைக் கடந்தும் நனைத்தல் நீடித்தாலும் ஆலோசனை பெறலாம்.

தேயிலைச் செடி கொழுந்து விடும் பருவத்தை நம் தோட்ட மக்கள் நன்கறிவர். இளங்கொழுந்தை இழுத்து நீட்டி எவரும் வளர்ப்பதில்லை. குழந்தைக்கும் அப்பொறுமையை அளிப்போம். பாய் நனைந்த இரவுகள் சில காலத்தில் மறைந்துவிடும். அவ்விரவுகளில் நாம் பேசிய சொல் குழந்தையின் நெஞ்சில் தங்கிவிடும்.