டீசல் பிக்கப்புக்குக் கூடுதல் இழுவை தேடும் தம்பிகளுக்கு

சனிக்கிழமை வந்துவிட்டால் ஷா ஆலம் பட்டறைகளுக்கு முன்னால் ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ் என்று வரிசை கட்டி நிற்கும். இறங்கி வருகிற பையன்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அங்கிள், என்ன போட்டா வண்டி நல்லா இழுக்கும்?" போனில் பார்த்த பத்துச் சாமான்களின் பட்டியலும் கையில் இருக்கும். அந்தப் பட்டியலில் இரண்டைத்தான் நான் விட்டுவைப்பேன். ஏன் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. வண்டி முதலில் தன் சொந்த இழுவையைக் கொடுக்கிறதா என்று பார். "இழுக்கவில்லை" என்று வருபவை பெரும்பாலும் பழுதான வண்டிகள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றித் திருப்பிப் பார். கிளாம்ப் உட்காரும் இடத்தின் அடிப்பக்கம் வெடித்திருக்கும். இஞ்சின் சும்மா ஓடும்போது அந்த வெடிப்பு மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். பூஸ்ட் ஏறியதும் வாயைப் பிளக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். 4டி56 ட்ரைட்டனில் ஆர்பிஎம் முள் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கினால் டீசல் பம்பில் இருக்கும் எஸ்சிவி வால்வைக் கவனி. பழைய 3.0 ஹைலக்ஸ், அதாவது 1கேடி இஞ்சின் என்றால், இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர்தான் எமன். அது கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் இறங்கிக் கரி கட்டும், அந்தக் கரி ஆயில் பம்ப் உறிஞ்சுகிற வலையை அடைக்கும், ஆயில் ஏறாமல் பேரிங் போகும். இதையெல்லாம் பார்க்காமல் சக்தி ஏற்றித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வா.

2. பெட்ரோல் காரில் கற்றதை டீசலுக்குக் கொண்டுவராதே. பெட்ரோல் இஞ்சினில் நீ மிதிக்கும்போது காற்று வழி திறக்கிறது. டீசலில் காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகிறது. எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதுதான் சக்தியைத் தீர்மானிக்கிறது. ஒரு பங்கு டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி சுமார் 14.5 பங்கு காற்று போதும். புகையில்லாமல் எரிய 18 பங்கு போல வேண்டும். ஒரிஜினல் ஏர் பாக்ஸ் இதைத் தாராளமாகக் கொடுக்கும். ஆகவே ஓப்பன் பாட் ஃபில்டர் போட்டால் உஸ் என்ற சத்தம் கூடும், வேறொன்றும் கூடாது. போதாக்குறைக்கு அது பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். எண்ணெய் தடவிய ஃபில்டராக இருந்து எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டால், அது ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து தப்புக் கணக்குக் காட்டும். பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்று, போதும்.

3. உண்மையில் பலன் தருவது ரீமேப், அதாவது இஞ்சின் கம்ப்யூட்டரின் (ஈசியு) கணக்கை மாற்றி எழுதுவது. டர்போ டீசலில் இதற்கு நிகர் வேறில்லை. பீய்ச்சும் அளவு, நேரம், ரெயில் அழுத்தம், பூஸ்ட், டார்க் வரம்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக மாற்றினால் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் டார்க் கிடைக்கும். உட்கார்ந்து ஓட்டினாலே தெரியும். வயரில் செருகும் சின்னப் பெட்டிகள் கதை வேறு. அவற்றில் பல, ரெயில் அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியுவிடம் பொய் சொல்லும். ஈசியு அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். இழுவை கூடுவது நிஜம்தான், ஆனால் பம்பும் இன்ஜெக்டரும் எத்தனை அழுத்தத்தில் வேலை செய்கின்றன என்று ஈசியுவுக்கே தெரியாது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை.

4. எவ்வளவு ஏற்றலாம்? டொயோட்டா செய்ததைப் பார். 2.8 லிட்டர் 1ஜிடி இஞ்சின் முதலில் 177 பிஎஸ், 450 நியூட்டன் மீட்டரோடு வந்தது. 2020ல் அதே கொள்ளளவில் 204 பிஎஸ், 500 நியூட்டன் மீட்டர். இந்த 27 பிஎஸ்ஸுக்காக அவர்கள் டர்போவையும் இன்ஜெக்டரையுமே மாற்றினார்கள். அதைவிட முக்கியமானது, அந்த 450ம் 500ம் ஆட்டோ கியருக்கு மட்டும்தான். மேனுவலுக்கு இரண்டு முறையும் 420ஐத் தாண்டவில்லை. இஞ்சின் தாங்கும், கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்காது என்று கம்பெனியே கணக்குப் போட்டிருக்கிறது. நீ மேனுவல் வண்டியில் 500 கேட்டால் ஆறு மாதத்தில் கிளட்ச் நாற்றத்தோடு வருவாய். கேரவன் இழுப்பவனும் சாமான் ஏற்றுபவனும் மிதமான மேப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடுதலாக டீசல் ஊற்றி அதற்கேற்ற காற்று இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் ஒரு டெம்பரேச்சர் மீட்டர் போட்டு, ஏற்றத்தில் அது 700 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் காலை எடு. பிஸ்டன் அலுமினியத்தில் செய்தது. சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரியில்.

5. அடுத்து இன்டர்கூலர். நம் ஊர் வெயிலுக்கு இது பொருந்தும், எல்லா வண்டிக்கும் அல்ல. ஹைலக்ஸ் விகோவிலும் பழைய ட்ரைட்டனிலும் இன்டர்கூலர் இஞ்சின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஃபெடரல் ஹைவே ஜாமில் அரைமணி நேரம் ஊர்ந்தால் கீழிருந்து வரும் சூட்டில் அதுவே காய்ந்துபோகும். பிறகு மிதித்தால் வண்டி சோம்பலாக எழும். முன்பக்கம் காற்று படுகிற இடத்துக்குப் பெரிய இன்டர்கூலரை மாற்றினால் வித்தியாசம் தெரியும், அதுவும் ரீமேப் செய்த வண்டியில். ஸ்டாக் மேப்பில் ஓடும், ஏற்கெனவே முன்பக்கம் இன்டர்கூலர் உள்ள வண்டிக்கு இது காசு விரயம்.

6. எக்ஸாஸ்ட் சத்தத்தைச் சக்தி என்று நம்பாதே. பத்து தீகா சர்க்யூட்டில் 1991லிருந்து 1997 வரை மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரி நடந்த காலத்தில் ஷா ஆலமே அதிரும். அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். டர்போவுக்குப் பின்னால் குழாய் அகலமானால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் சுழலும், சூடும் சற்று இறங்கும். ரீமேப்புக்குத் துணையாகச் செய்தால் சரி. தனியாகச் செய்தால் அண்டை வீட்டார் சாபமும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மனும்தான் மிச்சம்.

7. வோல்ட் ஸ்டெபிலைசர், கிரவுண்டிங் கேபிள், டீசல் பைப்பில் மாட்டும் காந்தம்: வேண்டாம்.

8. த்ராட்டில் கண்ட்ரோலர் ஏமாற்று இல்லை, ஆனால் சக்தியும் இல்லை. பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாக ஈசியுவுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். முழுதாக மிதித்தால் இரண்டும் ஒன்றே.

9. மாட்டுவதற்கு முன் கழற்றிப் பார். 265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல மட் டயர் போட்டவன்தான் இழுவை போச்சு என்று முதலில் வருவான். டயர் சுமார் 8 விழுக்காடு உயர்ந்தால் எல்லா கியரும் அந்த அளவு நீண்டுவிடும்; பாரமும் கூடும். மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவதால் டீசல் கணக்கும் நிஜத்தைவிட மோசமாகத் தெரியும். 2024 ஜூன் 10ல் தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியபின், சிக்கனத்துக்காக ரீமேப் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் முதலில் டயர் காற்றையும் கூரை மேல் இருக்கும் இரும்பு ரேக்கையும்தான் காட்டுவேன்.

10. எரிந்த வாயுவில் கொஞ்சத்தை மறுபடி இஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆரை அடைத்தால் சக்தி கூடும் என்பார்கள். முழு மிதியில் இஜிஆர் வால்வு தானாகவே மூடிக்கொள்கிறது, பிறகு எங்கிருந்து கூடும்? இன்டேக் மேனிஃபோல்டில் தார் மாதிரி அப்பியிருக்கும் கரியைச் சுரண்டிக் கழுவு, கேட்ச் கேன் ஒன்று மாட்டு. அதில் நியாயமான பலன் உண்டு. பின்னால் கரும்புகை கக்குவதைப் பெருமையாக நினைக்கிறவர்களுக்கு: அது எரியாமல் போன உன் காசு. 1996 டீசல் புகை விதிமுறைப்படி வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. சாலையோரம் நிறுத்தி அளப்பார்கள்.

11. அளக்காமல் நம்பாதே. டைனோவில் ஏற்றினால் அதே மிஷின், அதே நாள், முன்னும் பின்னும். வேறு வேறு கடைகளின் தாளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. சக்கரத்தில் அளந்ததைக் கம்பெனி சொல்லும் இஞ்சின் எண்ணோடு ஒப்பிடுவதிலும் இல்லை. டைனோவுக்குக் காசில்லையா? ஓபிடி ஸ்கேனரைச் செருகி, வழக்கமான பாரத்தோடு கோம்பாக் டோலிலிருந்து கெந்திங் செம்பா வரை ஒரே கியரில் ஏறு. பூஸ்ட், ரெயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு மூன்றையும் பதிவு செய். ரீமேப்புக்குப் பிறகு அதே நேரத்தில் அதே பாரத்தோடு மறுபடி ஏறு. கூட ஒருவன் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்க்கட்டும், ஓட்டுபவன் சாலையைப் பார்க்கட்டும்.

12. மேப் ஏற்றுகிறவனிடம் ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள். கொடுக்க மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவி; விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் கிளைம் சிக்கலாகும். இஞ்சினையே மாற்றினால் ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் கட்டாயம். கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) புதிய இஞ்சின் எண்ணைப் பதியாத வண்டியை விற்கவும் முடியாது.