பழைய கப்சாய் நடத்தும் அறிவியல் பாடம்

ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியாக நீங்கள் நடந்திருப்பீர்கள். 1801-இல் தோன்றிய பள்ளிவாசல், சற்றுத் தள்ளி சீனர்களின் கருணைத் தேவி கோயில், நாணயம் மாற்றும் கடைகள் எல்லாம் கண்ணில் படும். அவற்றோடு இன்னொன்றும் அந்தச் சாலையில் எப்போதும் இருக்கும். கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை ஓரமாக நிற்கும் சிறிய மோட்டார் சைக்கிள்கள்தாம் அவை. அவற்றுள் சில உங்களைவிட, ஏன், என்னைவிடவும் வயதில் மூத்தவை.

பழைய மோட்டாரை வாங்கிப் பழுது பார்த்து ஓட்டுவது என் பொழுதுபோக்கு. ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பழைய ஹோண்டா சி70 வாங்கினேன். அது இதே சாலையில் எனக்கு ஒரு பாடம் நடத்தியது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம்.

‘கப்சாய்’ என்ற பெயர்

1958-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ என்ற சிறிய மோட்டாரை வெளியிட்டது. ‘கப்’ என்றால் விலங்குக் குட்டி. அதோடு சிறியது என்னும் பொருள் தரும் ‘சாய்’ என்ற சீனச் சொல்லைச் சேர்த்து நம் நாட்டில் ‘கப்சாய்’ ஆக்கிவிட்டார்கள். பினாங்கின் தொழிலதிபர் லோ பூன் சியூ இளமையில் மெக்கானிக்காக வேலை செய்தவர். ஹோண்டா மோட்டார்களை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். உலகம் முழுவதும் சூப்பர் கப் வகை வண்டிகளின் உற்பத்தி 2017-இல் 10 கோடியைத் தொட்டது.

கப்சாயின் இடது கைப்பிடியில் கிளட்ச் நெம்புகோல் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் அது வெளிப்புறமாக விலகப் பார்க்கும். கப்சாயின் இயந்திரத்துக்குள்ளும் சிறு எடைகள் சுழல்கின்றன. வேகம் கூடும்போது அவை வெளிப்புறம் நகர்ந்து கிளட்ச் தகடுகளை அழுத்துகின்றன. அப்போது இயந்திரத்தின் சுழற்சி சக்கரத்துக்குப் போகிறது. வேகம் குறைந்தால் எடைகள் திரும்பி வருகின்றன, தொடர்பு விடுபடுகிறது. கையின் வேலையை வட்ட இயக்கமே செய்துவிடுகிறது.

70 என்றால் என்ன?

சி70 என்ற பெயரில் உள்ள 70, இயந்திரத்தின் கொள்ளளவைக் குறிக்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒரு முறை நகரும்போது கடக்கும் கன அளவு அது. இதை நீங்களே கணக்கிடலாம்.

சி70-இன் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 41.4 மில்லிமீட்டர். சென்டிமீட்டருக்கு மாற்றினால் ஆரம் 2.35, உயரம் 4.14. உருளையின் கன அளவு = 3.142 × 2.35 × 2.35 × 4.14. விடை ஏறக்குறைய 71.8 கன சென்டிமீட்டர், அதாவது 72 சிசி. கணிதப் பாடத்தில் படித்த உருளைச் சூத்திரம் உங்கள் தாத்தாவின் மோட்டாருக்குள் இருக்கிறது!

வாங்கும் முன் நான்கு சோதனைகள்

சி70 நான்கு வீச்சு இயந்திரம். உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் என்ற நான்கும் மாறி மாறி நடக்கும். இவை சரியாக நடக்கின்றனவா என்று கண்டறிவதே பழைய மோட்டார் வாங்குவதில் முதல் வேலை.

ஒன்று, உதைப்பு. சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, உதைக்கும் நெம்புகோலை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கால் தடைபட வேண்டும். அங்கேதான் பிஸ்டன் வாயுவை அமுக்குகிறது. தடையே இல்லாமல் நெம்புகோல் தொளதொளவென்று இறங்கினால் அமுக்கம் எங்கோ கசிகிறது என்று பொருள்.

எங்கே கசிகிறது? பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். மெக்கானிக்குகள் இதற்கு ஓர் எளிய பரிசோதனை செய்வார்கள். தீப்பொறி பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இயந்திர எண்ணெய் விட்டு, சில முறை உதைத்துச் சுழற்றிய பின் அமுக்கத்தை மீண்டும் அளப்பார்கள். எண்ணெய் வளையத்தின் இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். எனவே அமுக்கம் கூடினால் குற்றம் வளையத்தில், கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வில். ஒரு மாறியை மட்டும் மாற்றி விளைவைக் கவனிக்கும் இந்த முறையைத்தான் அறிவியல் கூடத்தில் நாம் பழகுகிறோம்.

இரண்டு, புகை. நான்கு வீச்சு மோட்டார் நீலப் புகை விட்டால் இயந்திர எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. இரண்டு வீச்சு மோட்டாரில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிவதால் சிறிது நீலப் புகை இயல்பானது.

மூன்று, பிளக்கின் நிறம். ஓடி ஆறிய இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்ல அறிகுறி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் எண்ணெய் உள்ளே கசிகிறது. வெளுத்திருந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம்.

நான்கு, எண்கள். இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். பொருந்தாத மோட்டார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மூடிய அறைக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

தீவில் நிற்கும் இரும்பு

பினாங்கில் பழைய மோட்டாரின் பெரிய எதிரி துரு. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். கடற்காற்றில் உள்ள உப்பு ஈரத்தில் கரைந்து மின்பகுபொருள் ஆகிறது. அதில் அயனிகள் எளிதாக நகர்வதால் துரு வேகமாகப் பரவுகிறது.

குரோமியம் பூசிய பாகங்களில் லேசான துரு இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. அதனால் பூச்சைக் கீறாமல் துருவை எடுத்துவிடும். ஆனால் வண்டியின் சட்டத்தில் துரு துளைத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. மேலே சாயம் பூசி மறைத்து விற்பவர்களும் உண்டு. ஆகவே இருக்கைக்கு அடியிலும் பின்சக்கர அச்சைத் தாங்கும் இடத்திலும் கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த பாடம்

என் சி70-இன் இயந்திரத்தை நான் ஒரு மாதம் பாடுபட்டுச் சரிசெய்தேன். கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக் மாற்றினேன், சாயமும் பூசினேன். பிரேக்கை மட்டும் திறந்து பார்க்கவில்லை. மிதித்தால் இறங்குகிறது, அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு மாலை, தூறல் விழுந்துகொண்டிருந்த நேரம். பள்ளிவாசலைக் கடந்து சூலியா தெருச் சந்திப்பை நெருங்கினேன். ஒரு பெரியவர் தள்ளுவண்டியோடு சாலையைக் கடந்தார். பிரேக்கை மிதித்தேன். மிதி இறங்கியது, வண்டி நிற்கவில்லை. முன்பிரேக்கையும் இறுக்கி, இரு கால்களையும் தரையில் தேய்த்து நின்றபோது, தள்ளுவண்டிக்கும் என் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழ தூரம்தான் இருந்தது. “தம்பி, வண்டியைப் பார்த்து வாங்கினியா, பளபளப்பைப் பார்த்து வாங்கினியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார் அந்தப் பெரியவர். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். சக்கர அச்சிலிருந்து கசிந்த கிரீஸ் பிரேக் கட்டைகளில் படிந்திருந்தது. பிரேக் உராய்வால் வேலை செய்கிறது, கிரீஸ் உராய்வைக் குறைக்கிறது. வகுப்பில் நான் கற்பிக்கும் பாடம்தான் அது!

நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 8.3 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 8.3 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக் ஒவ்வொரு வினாடியும் வேகத்தை வினாடிக்கு 5 மீட்டர் என்ற அளவில் குறைத்தால், நிற்க இன்னும் 6.9 மீட்டர் தேவை. மொத்தம் ஏறக்குறைய 15 மீட்டர். பிரேக்கின் திறன் பாதியானால் மொத்தம் 22 மீட்டர் ஆகிவிடும். என் தள்ளுவண்டிக் கதை இந்த 7 மீட்டரில்தான் நடந்தது.

வேகத்தை 60 ஆக்கினால்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல பிரேக் இருந்தாலும் நிற்பதற்கு ஏறக்குறைய 44 மீட்டர் வேண்டும்.

ஆகவே பழைய மோட்டார் வாங்கினால் முதலில் பிரேக், அடுத்து டயர், பிறகு விளக்கு. இயந்திரமும் சாயமும் அதற்குப் பின்தான். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

16 வயது நிறைந்து, உரிமம் எடுத்த பிறகே சாலையில் ஓட்டலாம். சிரிம் முத்திரை உள்ள தலைக்கவசம் கட்டாயம். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அதுவரை, வீட்டில் அப்பா அல்லது மாமா வண்டியைப் பழுது பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுங்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வோர் இரும்பு ஆணி போடுங்கள். ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் உப்பு நீர், மூன்றாவதில் எண்ணெய் பூசிய ஆணியும் குழாய் நீரும். ஒரு வாரம் தினமும் கவனித்து அட்டவணையில் எழுதுங்கள். மோட்டார் சங்கிலிக்கு ஏன் எண்ணெய் விடுகிறோம் என்பதை உங்கள் அட்டவணையைக் கொண்டு விளக்குங்கள்.

சிந்தியுங்கள்

1. பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மில்லிமீட்டர். கொள்ளளவு என்ன?

2. மழையில் சாலையின் உராய்வு குறைகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் 15 மீட்டரில் நிற்கும் அதே வண்டி, மழையில் அதே தூரத்துக்குள் நிற்க வேண்டுமானால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? காரணம் கூறுங்கள்.

3. ஓட்டுநர் கைத்தொலைபேசியைப் பார்த்து ஒரு வினாடி கூடுதலாகத் தாமதித்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரம் எவ்வளவு கூடும்?