பால் குடிக்கும்போது வேர்க்கிறதா?

மடியில் கிடக்கும் குழந்தை நாலு வாய் பால் குடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, விட்டுவிட்டு மறுபடி சப்புகிறது. நெற்றியில் முத்து முத்தாய் வேர்வை. "புழுக்கம்தான்" என்று பாட்டி விசிறி எடுப்பார். புழுக்கமில்லாத நாளிலும் இப்படியே என்றால், டாக்டரிடம் இதயத்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. எடை ஏறாததும், அடிக்கடி வரும் நிமோனியாவும் அதன் அடையாளமாக இருக்கலாம். உடல் நீலம் பாய்வதும் ஓர் அடையாளம்; கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது. அழும்போது நாக்கைப் பார்த்தால் தெரியும். நாக்கு நீலமானால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்புமுன் பல்ஸ் ஆக்சிமீட்டர் சோதனையைப் பெற்றோர் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. பிறந்து 24 மணி நேரம் கழித்து, வலது கையிலும் ஒரு காலிலும் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். எல்லாக் குறையும் இதில் சிக்காது என்பதால் பிறகும் கவனம் தேவை.

2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளக் கூடாது. குழு பரிந்துரைத்தால் இதய அறுவை சிகிச்சைக்கும் இத்திட்டத்தில் வழி உண்டு. பரிந்துரைச் சீட்டு, எக்கோ ரிப்போர்ட், தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் அவசரத்தில் தேடி அலைய வேண்டாம்.