தட்டிப் பார்த்த பிறகு

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம். பெயரிலேயே தங்கம் உள்ள ஊர். ஆனால் அங்கே இன்று தங்கம் எடுப்பதில்லை. காலை இருட்டிலேயே ஊர் விழித்துக்கொள்கிறது. கையில் சாப்பாட்டுப் பையுடன் ஆண்களும் பெண்களும் ரயிலடிக்கு ஓடுகிறார்கள். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. எல்லாருக்கும் பெங்களூரில்தான் வேலை.

ஏன் இப்படி ஆனது?

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே தங்கச் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அதனால்தான் இந்த ஊரில் இன்றும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரம் அருவியிலிருந்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது.

ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. கிடைக்கிற தங்கமோ குறைந்துகொண்டே வந்தது. எடுக்கிற தங்கத்தின் விலையைவிட எடுக்கும் செலவு அதிகமானது. 1956ஆம் ஆண்டு அரசு ஏற்று நடத்திய சுரங்கம், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. ஊரே ஒரு தொழிலை நம்பி இருந்தது. அந்தத் தொழில் போனதும் கடை, சந்தை, தையல், கொத்து வேலை எல்லாம் படுத்துவிட்டன.

அந்த ஊரில் சுரங்க லைன் வீடு ஒன்றில் ஒரு குடும்பம். தாத்தா சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடும் நாள்வரை உள்ளே இறங்கியவர். கல் தூசி சுவாசித்த நெஞ்சு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்பா பெங்களூரில் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறார். அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். மாலையில் முதியோர் கல்வி வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர். மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்து எட்டு மாதம் ஆகிறது. வேலை இல்லை.

"எட்டு மாசமா வீட்டுச் சோறுதானே?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மகன் பகலில் வெளியே வருவதை விட்டுவிட்டான்.

ஒரு நாள் காலை ஒரு தரகர் வந்தார். பளிச்சென்று உடை. கையில் ஒரு ஃபைல்.

"அக்கா, உங்க பையனுக்கு வேலை ரெடி. பெங்களூர்ல பெரிய கம்பெனி. மாசம் 25 ஆயிரம். இருபதாயிரம் கட்டினா போதும். இன்னைக்குச் சாயந்திரமே கடைசி. நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

மகன் முகம் மலர்ந்தது. அம்மா வீட்டுக்குள் போனார். பெட்டியைத் திறந்தார். உள்ளே மெல்லிய சங்கிலி ஒன்று இருந்தது. ஒன்றரைப் பவுன். அந்த வீட்டில் இருந்த தங்கம் அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் தங்கம் தோண்டியவரின் வீடு அது.

அடகுக் கடைக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்றார். "தம்பி, பணம் கொடுத்தா ரசீது தருவீங்களா?" என்று கேட்டார்.

"தாராளமா அக்கா" என்று தரகர் ஒரு தாளில் தமிழிலேயே எழுதி நீட்டினார். எப்படியும் இந்த அம்மா படிக்கப் போவதில்லை என்று அவர் நினைத்தார்.

அம்மா தாளை வாங்கினார். விரலை வைத்து எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். "பயிற்சிக் கட்டணம்... ரூபாய் 20,000... பெற்றுக்கொண்டேன். எந்தக் காரணத்துக்கும்... திருப்பித் தரப்படாது."

அம்மா இன்னொரு முறை படித்தார். வேலை என்ற சொல்லே அதில் இல்லை. கம்பெனியின் பெயர் இல்லை. விலாசம் இல்லை. சம்பளம் இல்லை. தேதிகூட இல்லை.

"இதுல வேலைன்னு எழுதலையே, தம்பி?"

"அதெல்லாம் வாய்ப் பேச்சுதான் அக்கா. நம்பிக்கை வேணும்."

திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, நாங்க சுரங்கத்துல இறங்கினா முதல்ல என்ன செய்வோம் தெரியுமா? கம்பியால மேல் பாறையைத் தட்டுவோம். கணீர்னு கேட்டா நல்ல பாறை. பொத்துன்னு கேட்டா உள்ளே விரிசல். அங்கே ஒரு நிமிஷம்கூட நிக்கமாட்டோம். தட்டாம நின்னவன் மேல பாறை விழுந்ததைப் பார்த்திருக்கேன். இந்த வேலையையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

"சரிங்க மாமா" என்றார் அம்மா. தரகரிடம் திரும்பினார். "கம்பெனி பேரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுங்க தம்பி. நாங்க நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து பணம் தர்றோம்."

தரகர் பெயரை வாயால் சொன்னார். எழுதித் தர மறுத்தார். "அப்போ உங்களுக்கு வேலை வேண்டாம்" என்று கோபமாகப் போய்விட்டார்.

மகனுக்கு அழுகை வந்தது. "வந்த வேலையையும் கெடுத்துட்டீங்க" என்று அம்மாவிடம் கத்தினான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. அம்மாவுக்கும் தூக்கம் இல்லை. 'ஒருவேளை நல்ல வேலையாக இருந்திருக்குமோ?' என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் இருவரும் ரயில் ஏறினார்கள். தரகர் சொன்ன கம்பெனியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வாசலில் இருந்த காவலாளி அவர்களை உள்ளே அலுவலகத்துக்கு அனுப்பினார்.

"இப்போது ஆள் எடுக்கவில்லை. எடுக்கும்போது நாங்களே அறிவிப்போம். யாரிடமும் பணம் வாங்குவதில்லை" என்றார் அங்கிருந்த அலுவலர்.

அம்மா சேலை முந்தானையில் முடிந்திருந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகன் ரயிலில் வழி நெடுகப் பேசவில்லை. உரிகம் ஸ்டேஷனில் இறங்கும்போது மட்டும் அம்மாவின் பையை வாங்கித் தான் சுமந்துகொண்டான்.

பக்கத்து லைனில் ஒரு பெண் இருந்தாள். பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் பத்து ஆண்டுகளாகப் போய்வருகிறவள். மகன் அவளிடம் போனான்.

"அக்கா, வேலை தேட எங்கே தொடங்கணும்?"

"காசு கேட்காத இடத்துல தொடங்கு, தம்பி" என்றாள் அவள். "அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிவு செய். இலவசம். மத்திய அரசு 2015ல தேசிய வேலைவாய்ப்புச் சேவைன்னு ஒரு இணையதளம் தொடங்கியிருக்கு. அதிலேயும் இலவசமா பதியலாம். நீ படிச்ச ஐ.டி.ஐ.க்குப் போய் வாத்தியாரைப் பாரு. கம்பெனிகள் அங்கே ஆள் கேட்டு வரும். ரயில்ல வர்றவங்ககிட்டே சொல்லி வை. எந்தக் கம்பெனியில ஆள் வேணும்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

மகன் எல்லா இடங்களிலும் பதிந்தான். உடனே வேலை கிடைக்கவில்லை. ஆறு இடங்களில் 'இல்லை' என்றார்கள். ஏழாவது இடம் இயந்திர உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. ரயிலில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் போனான். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அராவச் சொன்னார்கள். அராவிக் காட்டினான். எடுத்துக்கொண்டார்கள்.

இந்த முறை மகன் தானே தட்டிப் பார்த்தான். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், பிடித்தம் எவ்வளவு என்று கேட்டான். நியமனக் கடிதமும் கேட்டான். 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, வேலைக்குச் சேருகிறவருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். கடிதம் கிடைத்தது.

முதல் மாதச் சம்பளம் 16,000 ரூபாய். கைக்கு வந்ததோ 13,960 ரூபாய்தான்.

"மீதி 2,040 எங்கேப்பா?" என்று அம்மா கேட்டார். மகன் சம்பளச் சீட்டை விரித்தான். அம்மாவே படித்தார்.

வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.): 100 ரூபாய்க்கு 12 ரூபாய். 16,000க்கு 1,920 ரூபாய்.

ஈ.எஸ்.ஐ.: 100 ரூபாய்க்கு 75 காசு. 16,000க்கு 120 ரூபாய்.

"இது போன காசு இல்லம்மா" என்றான் மகன். "பி.எஃப். என் பேர்ல சேருது. முதலாளியும் தன் பங்குக்குப் பணம் கட்டணும். ஈ.எஸ்.ஐ. இருந்தா எனக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கும். முதலாளி கட்டினாரான்னு என் 12 இலக்க எண்ணை வெச்சு நானே பார்த்துக்கலாம்."

அப்பாவுக்கு பி.எஃப். கிடையாது. தினக்கூலி வேலை. அதனால் அப்பாவின் பெயரை மகன் இ-ஷ்ரம் பதிவில் சேர்த்தான். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021ஆம் ஆண்டு தொடங்கிய பதிவு அது. 16 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்கள் பதியலாம்.

மகன் இப்போது இருட்டில் போய் இருட்டில் வருகிறான். தினமும் ஐந்து மணி நேரம் வழியிலேயே போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தாத்தாவுடன் உட்கார முடிகிறது. "நம்ம ஊர்லயே ஒரு தொழில் வரணும்டா" என்கிறார் தாத்தா. ஊரில் பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். அதுவரை ரயில்தான்.

அம்மாவின் சங்கிலி பெட்டியில் இருக்கிறது. தரகர் எழுதிய தாளையும் அம்மா அதன் அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். மாலை வகுப்புக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு அதைக் காட்டுகிறார். "இதைப் படிங்க" என்கிறார். "இதுல என்ன இல்லைன்னு சொல்லுங்க."

நினைவில் வையுங்கள்

1. வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.
2. 'இன்றே கடைசி' என்று அவசரப்படுத்தினால் நின்று யோசியுங்கள்.
3. கம்பெனியின் பெயர், விலாசம் கேட்டு நேரில் விசாரியுங்கள்.
4. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.
5. படிப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைத் தரகரிடம் கொடுக்காதீர்கள். நகல் போதும்.
6. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.
7. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். செல்போன் அல்லது இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. தரகர் கொடுத்த ரசீதில் எவையெல்லாம் இல்லை?
2. தாத்தா பாறையைத் தட்டுவது பற்றி ஏன் சொன்னார்?
3. ஒருவருக்குச் சம்பளம் 14,000 ரூபாய். 100 ரூபாய்க்கு 12 ரூபாய் வீதம் பி.எஃப். பிடித்தால் எவ்வளவு பிடிப்பார்கள்?
4. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது இல்லாமல் போன தொழில் எது? அதைச் செய்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?