கார் சக்கரத்துக்கும் பூட்டு உண்டு... சாவி எங்கே வைத்தீர்கள்?

காலையில் அவசரமாகக் கிளம்புகிறீர்கள். தெருவில் நிறுத்திய கார் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு சக்கரங்களைக் காணோம். அந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருக்கிறது. கதவு பூட்டினபடியே இருக்கு, கண்ணாடியும் உடையல. "நேத்து ராத்திரி லாக் பண்ணிட்டுத்தானே வந்தேன்!" என்று திகைத்து நிற்பீர்கள்.

கதவுப் பூட்டு கதவுக்கு மட்டும்தான். சக்கரத்தைப் பிடித்திருப்பவை நான்கு அல்லது ஐந்து சாதாரண நட்டுகள். ஒரு ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். அலாய் வீல் போட்ட கார் என்றால் இழப்பும் அதிகம். இதைத் தடுக்க உதவுவதுதான் வீல் லாக் நட்டு. 'நோ பார்க்கிங்' இடத்தில் நிறுத்தினால் போலீஸார் போடும் வீல் லாக் வேறு, இது வேறு.

இது எப்படி வேலை செய்கிறது?

சாதாரண நட்டின் தலை அறுகோணமாக இருக்கும். எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்கும். லாக் நட்டின் தலையிலோ வளைந்து நெளிந்த ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் சிறிய இரும்புத் துண்டுதான் சாவி. சாவியை நட்டில் பொருத்தி, அதன் மறுமுனையில் உங்கள் வீல் ஸ்பேனரைப் போட்டுத் திருப்ப வேண்டும். சக்கரத்துக்கு ஒன்று போதும். அதனால் ஒரு செட்டில் பொதுவாக நான்கு நட்டுகளும் ஒரு சாவியும் இருக்கும். மற்ற நட்டுகளைக் கழற்றினாலும் இந்த ஒன்று சக்கரத்தை விடாது.

முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. தகுந்த கருவியோடு வருகிறவன் இதையும் உடைக்கலாம். ஆனால் நேரம் ஆகும், சத்தம் வரும். திருடனுக்கு இரண்டுமே ஆகாது.

வாங்கும்போது கவனியுங்கள்

"எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மாருதி கார்கள் பலவற்றில் 12 மி.மீ. போல்ட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ.; ஹூண்டாய் கார்கள் பலவற்றில் அதே 12 மி.மீ. போல்ட்டில் 1.5 மி.மீ. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை கெட்டுவிடும். நட்டு சக்கரத்தில் உட்காரும் பகுதியும் காருக்குக் கார் மாறும்: கூம்பு, உருண்டை, தட்டை என்று வகைகள் உண்டு. தவறான வகை சக்கரத்தைச் சரியாகப் பிடிக்காது. ஓடும்போது கழன்றால் உயிருக்கே ஆபத்து. எனவே கார் மாடலைச் சொல்லி, அதற்கு உரியதை மட்டும் வாங்குங்கள்.

மாட்டும்போது...

1. முதலில் கையாலேயே திருப்பி மாட்டுங்கள். சிக்கினால் அழுத்தம் கொடுக்க வேண்டாம்.
2. நட்டுகளை எதிரெதிராக, மாற்றி மாற்றி முறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.
3. லாக் நட்டுக்கு ஏர் கன் வேண்டாம். அதன் வேகத்தில் சாவியின் பல்லோ நட்டின் பள்ளமோ உடையலாம். "இதை மட்டும் கையால போடுங்கண்ணே" என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
4. 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

சாவிதான் முக்கியம்

இரவு பத்து மணி. தொப்பூர் கணவாய்ப் பக்கம் டயர் பஞ்சர். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது. லாக் நட்டுச் சாவி மட்டும் வீட்டு அலமாரியில்! இப்போது உங்கள் பூட்டு உங்களையே தடுக்கிறது. டோ வண்டிக்காகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அதனால் சாவி எப்போதும் காரிலேயே இருக்கட்டும், ஆனால் பூட்டிய காருக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில். எங்கே என்று வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். சர்வீஸுக்கு விட்டால், திரும்ப எடுக்கும்போது "சாவி வைச்சுட்டீங்களா?" என்று கேட்டு, கண்ணால் பார்த்த பிறகே கிளம்புங்கள். பழைய கார் வாங்குகிறவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

செட்டோடு வரும் அட்டையில் ஒரு குறியீட்டு எண் இருந்தால், இன்றே அதைப் போனில் படம் எடுத்துச் சேமியுங்கள். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி கேட்க அந்த எண் உதவும்.

காலையில் லாக் நட்டில் புதுக் கீறல் தெரிந்தாலோ, மற்ற நட்டுகள் தளர்ந்திருந்தாலோ, யாரோ முயன்று பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும் இறுக்கிய பிறகே காரை எடுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்...

* செங்கல் மேல் நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள். எதையும் நகர்த்தாமல் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள்.
* 100 அல்லது 112-க்கு அழையுங்கள். அருகில் உள்ள கண்காணிப்புக் கேமரா பதிவுகள் அழிவதற்குள் போலீஸாரிடம் சொல்லுங்கள்.
* காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி மின்னணு வழியாகவும் தகவல் தரலாம். அப்படித் தந்தால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.
* இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இந்த இழப்புக்குப் பணம் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் டயருக்குப் பொதுவாகத் தேய்மானம் கழிப்பார்கள். உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று இன்றே படித்துப் பாருங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு நிமிடம் காருக்குப் போய் வாருங்கள். லாக் நட்டு ஏற்கெனவே போட்டிருந்தால் சாவி எங்கே என்று தேடுங்கள். அது கைக்குக் கிடைத்தால்தான் பூட்டு உங்களுடையது.